பெரிய கடைகள் ஒன்றானால் தூண்டில்காரருக்கு என்ன, வீட்டில் லூர் செய்பவருக்கு என்ன?

கேள்வி இது: அமெரிக்காவில் தூண்டில், வேட்டைச் சாமான் விற்கும் பெரிய சங்கிலிக் கடையான பாஸ் ப்ரோ ஷாப்ஸ், அதே தொழிலில் இருந்த இன்னொரு பெரிய சங்கிலியான கபேலாஸை வாங்கியது போன்ற இணைப்புகளால் தூண்டில் போடுகிறவர்களுக்கு நட்டமா? வீட்டிலேயே லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) வகைகளான ஜிக்கும் (கொக்கியில் ஈயத் தலை வார்த்தது) ஸ்பின்னரும் (சுழலும் தகடு வைத்தது), ராடும் (தூண்டில் கம்பு) செய்து பழகியவர்கள் இனிச் சாமானுக்கு எங்கே போவார்கள்?

இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. கடையில் தொங்கும் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறவருக்குப் பாதிப்பு குறைவு. அவருக்கு வால்மார்ட் இருக்கிறது, டிக்ஸ் இருக்கிறது, தெற்கு மாநிலங்களில் அகாடமி இருக்கிறது, இணையத்தில் டேக்கிள் வேர்ஹவுஸ் இருக்கிறது. ஒரே ரீலை (தூண்டில் நூல் சுற்றும் உருளை) நான்கு இடத்தில் விலை பார்க்கலாம். அடி விழுவது கடைக்குப் பொருள் கொடுக்கிற சிறு தயாரிப்பாளருக்கும், உதிரி வாங்கித் தானே செய்துகொள்கிற பொழுதுபோக்குக்காரருக்கும். இணைப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "விலை ஏறுமா" என்பதோடு நின்றுவிடுகிறது. விற்கிற கடை ஒன்று குறைந்ததைப் பார்க்கிறோம். வாங்குகிற கடை ஒன்று குறைந்ததை யாரும் பார்ப்பதில்லை. என் பதில் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கபேலாஸ் 1961-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் சாப்பெல் என்ற சிற்றூரில் தொடங்கியது. டிக் கபேலா சிகாகோவில் மலிவாகக் கிடைத்த ஃப்ளைகளை வாங்கிவந்தார். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலக் கையால் கட்டுகிற இரை அது. பன்னிரண்டு ஃப்ளை ஒரு டாலர் என்று வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஒரே ஒருவர்தான் பணம் அனுப்பினார். பிறகு "ஐந்து ஃப்ளை இலவசம், அனுப்பும் செலவு 25 சென்ட்" என்று மாற்றி, நாடு முழுக்கப் போகும் இதழ்களில் போட்டார். ஆர்டர் குவிந்தது, அவரும் மனைவி மேரியும் சமையலறை மேசையிலேயே பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். பாஸ் ப்ரோவின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். 1972-இல் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், அப்பாவின் மதுக்கடைக்குள் ஒரு மூலையில் ஜானி மாரிஸ் தூண்டில் சாமான் விற்க ஆரம்பித்தார். பாஸ் மீன் போட்டிகளில் தூண்டில் போட்டவர் அவர். வாடகைக்கு டிரெய்லர் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், உள்ளூர்க் கடைகளில் கிடைக்காத லூர்களை அள்ளிக்கொண்டு வந்தார். சிறிய கைகள் செய்த பொருளைத் தேடிப்பிடித்துத் தூரத்து ஆளுக்குக் கொண்டுசேர்த்ததுதான் இரண்டு நிறுவனங்களுக்கும் முதல் மூலதனம். அதனால்தான் இன்றைய நிலை எனக்கு மனத்தை உறுத்துகிறது.

2015 அக்டோபரில் எலியட் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம் கபேலாஸில் ஏறத்தாழ 11 சதவீதப் பங்கு வைத்திருப்பதாக அறிவித்து, நிறுவனத்தை விற்பது உட்பட வழிகளைப் பார்க்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தது. ஓராண்டு கழித்து, 2016 அக்டோபரில், பங்குக்கு 65.50 டாலர், மொத்தம் சுமார் 550 கோடி டாலர் என்று பாஸ் ப்ரோவுடன் பேச்சு முடிந்தது. ஆனால் கபேலாஸ் தன் கடன் அட்டை வியாபாரத்துக்குத் தனி வங்கியே வைத்திருந்தது. அந்த வங்கியை யார் கையில் கொடுப்பது என்பதில் இழுபறி ஆகி, விலை பங்குக்கு 61.50 டாலராக இறங்கி, 2017 செப்டம்பரில் கைமாறியது. கோல்ட்மேன் சாக்ஸ் போன்ற நிதி நிறுவனங்களின் பணமும் வங்கிக் கடனும் சேர்ந்துதான் இதற்குப் போனது.

காலத்தையும் கவனியுங்கள். 2016-இல் ஸ்போர்ட்ஸ் அதாரிட்டி என்ற விளையாட்டுச் சாமான் சங்கிலி திவாலாகிக் கடைகளை மூடியது. 2017 மார்ச்சில் கேண்டர் மவுன்டன் என்ற இன்னொரு சங்கிலி திவால் மனு போட்டது. இரண்டே ஆண்டில், ஒரு லூர் தயாரிப்பாளர் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தட்டக்கூடிய பெரிய கதவுகளில் கபேலாஸையும் சேர்த்து மூன்று இல்லாமல் போயின.

கதவு போவது என்றால் என்ன என்பதை விரித்துச் சொல்ல வேண்டும். பெரிய சங்கிலிக் கடையில் எந்தச் சாமான் தொங்க வேண்டும் என்று முடிவு செய்பவர் கொள்முதல் அலுவலர். கபேலாஸில் ஒருவர், பாஸ் ப்ரோவில் ஒருவர் இருந்தவரை, ஒருவர் "வேண்டாம்" என்றால் இன்னொருவரிடம் போகலாம். அங்கே ஓடினால் முதலாமவரே அடுத்த பருவத்தில் கூப்பிடுவார். இணைப்புக்குப் பிறகு இரண்டு பெயர்ப்பலகைக்கும் ஒரே மேசையிலிருந்து முடிவு வருகிறது. அந்த மேசை "வேண்டாம்" என்றால் அத்தோடு முடிந்தது. "வேண்டும்" என்றாலும் நிபந்தனை அவர்களுடையது: பணம் இரண்டு மூன்று மாதம் கழித்து, விளம்பரச் செலவில் பங்கு, லேபிளில் பார்கோடு தவறினால் அபராதக் கழிவு, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வது, இத்தனை லட்சத்துக்குப் பொறுப்புக் காப்பீடு. எந்தப் பெரிய சில்லறைச் சங்கிலியும் இப்படித்தான் பேசும். ஆனால் மாற்று வழி இருக்கும்போது இதைக் கேட்பதும், இல்லாதபோது கேட்பதும் ஒன்றா?

கபேலாஸின் தலைமையகம் இருந்த சிட்னி என்ற ஊரை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். நெப்ராஸ்காவின் மேற்கே, ஏழாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அதில் இரண்டாயிரம் பேர் அளவுக்குக் கபேலாஸில் வேலை பார்த்தார்கள். நிர்வாகம் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனதும் அந்த வேலைகளில் பெரும்பகுதி மறைந்தது. ஊருக்கு விழுந்த அடியைச் செய்தித்தாள்கள் எழுதின. போன வேலைகளில், எந்த மாநிலத்தில் வால்ஐ என்ற மீனைப் பிடிக்கிற தூண்டில்காரர் எந்த எடை ஜிக் கேட்பார், எந்த வண்ண இறகு மார்ச்சில் தீர்ந்துபோகும் என்று பல வருடம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்த ஆட்களும் இருந்திருப்பார்கள். அந்த அறிவு கணக்குப் புத்தகத்தில் ஏறாது. ஒரு நிறுவனத்தை வாங்குகிறவர் அதற்கு விலை போடுவதில்லை.

இனி சொந்த முத்திரைச் சரக்கு. பாஸ் ப்ரோவுக்கு எக்ஸ்பிஎஸ், ஜானி மாரிஸ், ஒயிட் ரிவர், ஆஃப்ஷோர் ஆங்லர் என்று சொந்தப் பெயர்கள் உண்டு. கபேலாஸுக்கும் அதன் பெயரிலேயே சரக்கு உண்டு. இணைந்தபின் ஒன்றின் சரக்கு மற்றதன் கடைகளிலும் ஏறியது. பிறர் செய்த பொருளை விற்பதைவிடச் சொந்தப் பெயரில் செய்வித்து விற்பதில் லாபம் அதிகம். கடைகளின் எண்ணிக்கை கூடும்போது ஆர்டரின் அளவும் கூடும், செய்விக்கும் செலவும் குறையும். தரமும் மோசமில்லை, சில ராடுகள் கொடுத்த காசுக்கு நல்ல ராடுகள்தான். வாரக் கடைசியில் மட்டும் ஏரிக்குப் போகிறவருக்கு இது லாபம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கடைச் சுவரில் பாக்கெட் தொங்கவிடும் கொக்கிகளின் எண்ணிக்கை கூடவில்லை. சொந்தச் சரக்குக்கு இடம் கொடுக்க எதையாவது கழற்ற வேண்டும். கழற்றுவது ரபாலாவையோ பெர்க்லியையோ அல்ல. அவற்றைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். நடுவில் நிற்கிற, ஒரே வட்டாரத்தில் மட்டும் பெயர் வாங்கிய, ஐந்தாறு பேர் வேலை செய்கிற பட்டறையின் லூர்தான் கழலும்.

தயாரிப்பாளர் பக்கமும் இதே காலத்தில் பெரிதாகிக்கொண்டே போயிற்று. பெர்க்லி, ஆபு கார்சியா, பென், ஷேக்ஸ்பியர், ஃப்ளூகர், ஃபென்விக் எல்லாம் பியூர் ஃபிஷிங் என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. அந்தக் குடையை 2018-இல் சைக்கமோர் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 130 கோடி டாலருக்கு வாங்கப் பேசி முடித்தது. ரபாலா பிரெஞ்சுக் கொக்கி நிறுவனமான விஎம்சியையும், ஸ்டார்ம், லூர் ஜென்சன் போன்ற பழைய பெயர்களையும் சேர்த்துக்கொண்டது. பெரிய கடையோடு பெரிய தயாரிப்பாளர் சமமாக உட்கார்ந்து பேரம் பேசுவார். சிறியவருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

பொழுதுபோக்காகச் செய்கிறவர்களிடம் வருகிறேன். நானும் ஈயம் உருக்கி ஜிக் வார்க்கிறவன், ராடு கட்டுகிறவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

ஒரு காலத்தில் இந்தப் பெரிய நிறுவனங்களின் அஞ்சல்வழிப் பட்டியல் புத்தகங்களில் ஜிக் அச்சு (ஈயத்தை ஊற்றி வார்க்கும் அச்சு), ஸ்பின்னர் தகடு, கம்பி, மணி, ஃப்ளை கட்டும் இறகு, ராடு கட்டும் வெற்றுத் தண்டு எல்லாம் இருந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டிக் குறித்துவைத்து ஆர்டர் போட்ட தலைமுறை ஒன்று உண்டு. அந்தப் பக்கங்கள் மெலிந்ததற்கு இணைப்பை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அச்சடித்த பட்டியல் புத்தகமே தேய்ந்த காலம் அது. ஆனால் இணைப்பு அதை வேகப்படுத்தும், ஏனென்றால் கடன் வாங்கி நிறுவனம் வாங்கியவர் முதலில் பார்ப்பது எந்தச் சரக்கு எத்தனை நாள் அசையாமல் கிடக்கிறது என்பதைத்தான். மென்பிளாஸ்டிக் புழுப் பாக்கெட்டை ஒருவர் வாரத்துக்கு ஒன்று வாங்குவார். ஒரு அலுமினிய அச்சை வாழ்நாளில் ஒருமுறைதான் வாங்குவார். அப்புறம் அவர் வார்க்கிற ஒவ்வொரு ஜிக்கும் கடையின் சொந்த முத்திரை ஜிக்குக்குப் போட்டி. அச்சு வாங்குகிறவரைக் கடைக்குப் பிடிக்க எந்தக் காரணமும் இல்லை.

உதிரி விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, வெளியாட்களுக்கு எளிதில் புரியாது. ஒரு ஜிக் அச்சு எல்லாக் கொக்கிக்கும் பொருந்தாது. இந்த அச்சுக்கு இந்த நிறுவனத்தின் இந்த எண் கொக்கி என்று கணக்குண்டு. ஈகிள் கிளா 570 என்ற கொக்கியை மனத்தில் வைத்து வெட்டிய குழியில், கம்பி கொஞ்சம் தடித்த வேறு கொக்கியை வைத்தால் அச்சின் இரண்டு பாதியும் சரியாக மூடாது. ஓரத்தில் ஈயம் பிதுங்கும், கொக்கியின் கண் கோணலாக நிற்கும். அதனால் ஒரு கடை "வேறு கொக்கிகள் இருக்கின்றனவே" என்று அந்த ஒரு எண்ணை நிறுத்தினால், அதை நம்பி வாங்கிய அச்சு பரணுக்குப் போகும். ஸ்பின்னர் தகட்டிலும் அப்படித்தான். கொலராடோ தகடு வட்டமானது. மெதுவாக இழுத்தாலே சுழன்று தண்ணீரை அதிரவைக்கும், கலங்கிய நீருக்கு நல்லது. வில்லோ தகடு ஒல்லியானது. கம்பியை ஒட்டி வேகமாகச் சுழலும், தெளிந்த நீரில் சின்ன மீன் கூட்டம் மின்னுவது போல இருக்கும். இண்டியானா இரண்டுக்கும் நடுவே. ஒவ்வொன்றிலும் அளவு எட்டு, பூச்சு நான்கு என்றால் கடைக்குத் தொண்ணூற்றாறு பொருள். அவற்றில் அதிகம் ஓடுகிற ஆறை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவதுதான் கணக்குப் பார்க்கிறவருக்குப் புத்திசாலித்தனம். ஆனால் பொழுதுபோக்குக்காரர் செய்வதே, கடையில் கிடைக்காத அந்தத் தொண்ணூறு வேண்டும் என்பதற்காகத்தான்.

சாமான் கிடைக்காமல் போய்விடவில்லை. ஜிக் அச்சுக்கு அயோவா மாநிலத்தின் டூ-இட் மோல்ட்ஸ், ராடு கட்டும் சாமானுக்கு ஃப்ளோரிடாவின் மட் ஹோல், எல்லா உதிரிக்கும் ஓஹையோவின் ஜான்ஸ் நெட்கிராஃப்ட் என்று இதற்காகவே இருக்கிற நிறுவனங்கள் நிற்கின்றன. பெரிய கடை கைவிட்ட வாடிக்கையாளர் இவர்களிடம் வந்து சேர்கிறார். தேர்வு முன்னைவிட நன்றாகவே இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம், ஏற்கனவே இந்தத் தொழிலுக்குள் இருக்கிறவருக்கு. போனது வாசல். கையில் புழு டப்பாவோடு வந்த பதினாலு வயதுப் பையன், தற்செயலாக அந்த வரிசையில் நின்று, "இதை நாமே செய்யலாமா" என்று ஒரு அச்சைத் திருப்பிப் பார்ப்பான் அல்லவா, அது குறைந்துவிட்டது. பெயர் தெரிந்தால்தான் இணையத்தில் தேட முடியும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவன் எதைத் தேடுவான்? எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

இந்த நிலையில் என்ன செய்யலாம்? உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு அச்சுக்கும் உரிய கொக்கி எண்ணை எழுதி அச்சிலேயே ஒட்டிவையுங்கள். அதிகம் வார்க்கிற அளவுக்கு மட்டும் கொக்கியை நூறாக வாங்காமல் ஆயிரமாக வாங்குங்கள். விலையும் குறையும், அந்த எண் நின்றுபோனாலும் சில வருடம் ஓடும். ஈரம் படாமல் வைத்தால் கொக்கி கெடாது. ஒரு எண் நின்றுவிட்டால் அச்சுத் தயாரிப்பாளரிடமே மாற்று எது பொருந்தும் என்று கேளுங்கள். கடைக்காரரின் ஊகத்தை நம்பாதீர்கள். பழைய அச்சு கிடைத்தால் வாங்கலாம், கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வார்ப்பதற்குமுன் அச்சைச் சூடாக்கி ஈரத்தை முழுக்க விரட்டிவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். வார்ப்பது எப்போதும் காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

செய்ததை விற்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பெரிய கடையின் கதவு மூடியதால் பலர் நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கிறார்கள். நல்ல வழி. ஆனால் அமெரிக்காவில் தூண்டில் சாமான் மீது தயாரிப்பாளர் கட்ட வேண்டிய கூட்டரசு உற்பத்தி வரி ஒன்று உண்டு: விற்பனை விலையில் 10 சதவீதம், ராடுக்கு மட்டும் ஒன்றுக்கு அதிகபட்சம் 10 டாலர். காலாண்டுக்கு ஒருமுறை படிவம் 720-இல் கணக்குக் காட்ட வேண்டும். வாகன நிறுத்தத்தில் நின்று விற்கிற ஐம்பது ஜிக்குக்கும் இது பொருந்தும். "நான் சின்ன ஆள்" என்று விலக்கு கிடையாது. 1950-இல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டத்தின்படி இந்தப் பணம் மாநிலங்களின் மீன்வளத் துறைகளுக்குப் போகிறது. மீன்குஞ்சு விடுவதும், ஏரியில் படகு இறக்கும் சரிவு கட்டுவதும் இதிலிருந்துதான். கட்ட வேண்டிய வரி, நல்ல வரி. விலை நிர்ணயிக்கும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் தெரிந்துகொண்டு லாபத்தைக் கொண்டுபோய்க் கட்டும் நிலை வர வேண்டாம்.

பெரிய சங்கிலியிலிருந்து ஆர்டர் வந்தால் மறுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆர்டர் நாளை காலையில் ரத்தானால் பட்டறை நிற்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாங்குபவரை நம்பியிருக்கக் கூடாது என்பது என் எல்லைக்கோடு. சொந்த முத்திரையில் அதே மாதிரி ஒன்றைச் செய்துகொடுங்கள் என்று கேட்டால் இன்னும் கவனம் தேவை. அச்சும் வடிவமும் யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒன்றும் அனுப்பாதீர்கள்.

அரசு இதையெல்லாம் பார்க்காதா என்று கேட்கலாம். பார்க்கிறது, ஓரளவு. 2017-இல் கபேலாஸ் இணைப்பைக் கூட்டரசு வணிக ஆணையம் தடுக்கவில்லை. 2020 டிசம்பரில் பாஸ் ப்ரோவின் தாய் நிறுவனம் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்போர்ட்ஸ்மன்ஸ் வேர்ஹவுஸைப் பங்குக்கு 18 டாலர் கொடுத்து வாங்க முன்வந்தது. ஓராண்டு இழுத்து, ஆணையத்தின் ஒப்புதல் கிடைக்காது என்ற நிலை வந்ததும் 2021 டிசம்பரில் கைவிட்டார்கள். ஒப்பந்தம் முறிந்ததற்காக 5.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் இணைப்பைவிட இது மிகச் சிறியது. ஆனாலும் அதற்குள் களத்தில் மிச்சம் இருந்தவர்கள் குறைவு. இன்னொரு பெரிய வாசல் திறந்தே இருக்கிறது என்பதால் இதைச் சிறு தயாரிப்பாளர்களுக்குக் கிடைத்த நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த இணைப்பு அறிவிப்பு வரும்போது நாளிதழ்கள் பங்கு விலையைப் போடும். நீங்கள் வேறு இடத்தில் பாருங்கள்: கொள்முதல் அலுவலகம் எந்த ஊரில் இருக்கப் போகிறது, வாங்கும் பணத்தில் எவ்வளவு கடன், அடுத்த வசந்தத்தில் உதிரிச் சாமான் வரிசையில் எத்தனை கொக்கி எண்கள் மிச்சம். மூன்றாவதைக் கடைக்குப் போய் நீங்களே எண்ணலாம். உங்களுக்கு வேண்டியது இல்லை என்றால் கடை மேலாளரிடம் எண்ணைச் சொல்லி எழுதிக் கேளுங்கள். கேட்காத பொருளுக்கு யாரும் கேட்கவில்லை என்றுதான் அந்த ஒற்றை மேசையில் பதிவாகும்.